அடுத்தவர் கையொப்பத்தில் பொதி அனுப்பும் தோழர்களுக்கு

டெபியன் இயங்குதளத்துக்காகப் பொதி கட்டும் தோழர்களுக்கு,

உங்களில் பலரைப் பெயரால் தெரியும். உங்கள் சேஞ்ச்லாக் கோப்புகளால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்ததும் அதை இறக்கி, பழைய பேட்ச்கள் இன்னும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, சுத்தமான சூழலில் கட்டி, லிண்டியன் சோதனைக் கருவி சுட்டிய குறைகளைத் தீர்த்து, காப்புரிமைக் கோப்பையும் திருத்தி வைக்கிறீர்கள். பிறகு காத்திருக்கிறீர்கள். பதிவேற்ற உரிமையுள்ள ஒருவர் நேரம் ஒதுக்கி, அதைப் படித்து, தன் சாவியால் கையொப்பமிட்டு அனுப்பினால்தான் உங்கள் உழைப்பு களஞ்சியத்துக்குப் போய்ச் சேரும்.

அப்படிக் கையொப்பமிடுகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பதிவேற்ற உரிமைக்கு ஏன் இன்னும் விண்ணப்பிக்காமல் இருக்கிறீர்கள்?

எல்லோரையும் கேட்கவில்லை. கல்லூரிப் பயிலரங்கில் ஒரு பொதி கட்டிப் பழகிவிட்டு வேறு துறைக்குப் போனவர்கள் பலர் உண்டு. அவர்கள் கற்றது வீண் இல்லை, அவர்கள் மீது குறையும் இல்லை. நான் கேட்பது திரும்பத் திரும்ப வருகிறவர்களை. பிழை அறிக்கை வந்தால் பதில் எழுதுகிறவர்களை. தான் கட்டிய பொதி வேறொரு நூலகத்தின் மாற்றத்தால் உடைந்தால், யாரும் சொல்வதற்கு முன்பே கவனித்துச் சரிசெய்கிறவர்களை. உங்கள் பொதியைத் திறக்கும்போது திருத்தச் சொல்ல எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. படிக்கிறேன், கட்டிப் பார்க்கிறேன், அனுப்புகிறேன். அந்தக் கட்டத்தில் என் கையொப்பம் பொதியைப் பாதுகாக்கவில்லை, தாமதப்படுத்த மட்டுமே செய்கிறது. நான் வெளியூர் போயிருக்கும் வாரத்தில் உங்கள் பொதியில் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று தேவைப்பட்டால், திருத்தம் உங்கள் கணினியில் தயாராக இருக்கும். பயனர்களோ ஓட்டையுள்ள பதிப்போடு இருப்பார்கள்.

கேட்டால் நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். "இன்னும் எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது" என்பது முதல் காரணம். "கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்களாம்" என்பது அடுத்தது. ஆங்கிலம் சரியாக எழுத வராது என்பதை வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கிறவர்களும் உண்டு. இவற்றுக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த உரிமை எதற்கானது என்பதைப் பேசிவிடுவோம். அதன் கனத்தைக் குறைத்துச் சொல்லி உங்களை அழைக்க எனக்கு விருப்பமில்லை.

ஏற்கனவே களஞ்சியத்தில் இருக்கும் பொதியின் புதிய பதிப்பை அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். டெபியனின் சேவையகம் அதிலுள்ள கையொப்பத்தைச் சாவிக்கொத்தில் இருக்கும் சாவிகளோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் ஏற்றுக்கொள்கிறது. வெவ்வேறு வகைச் செயலிகளுக்கான கணினிகள் அதைத் தாமாகவே கட்டுகின்றன. சில மணி நேரத்தில் உலகெங்குமுள்ள பிரதிக் களஞ்சியங்களில் 'அன்ஸ்டேபிள்' பிரிவில் அது கிடைக்கத் தொடங்கும். தடையாக எதுவும் கிளம்பாவிட்டால் வழக்கமாக 5 நாளில் 'டெஸ்டிங்' பிரிவுக்குப் போகும். இந்தப் பாதையில் உங்களுக்குப் பிறகு அதைப் படித்துப் பார்த்து அனுமதிக்கும் மனிதர் யாரும் இல்லை. களஞ்சியத்தில் இதுவரை இல்லாத பெயரில் பொதி வந்தால்தான் அதற்கென உள்ள குழுவினர் உட்கார்ந்து உரிமங்களைச் சோதிப்பார்கள். மற்றபடி கடைசிக் கண் உங்களுடையது. பொதியை நிறுவும்போது ஓடும் நிரல்கள் பயனரின் கணினியில் ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

முழு உரிமை பெற்ற டெபியன் உருவாக்குநருக்குத் தன் பொதி, பிறர் பொதி என்ற எல்லை கிடையாது. களஞ்சியத்தின் எந்தப் பொதியையும் அவர் சாவி ஏற்றிவிடும். கட்டுப்பாடு மரபிலும் மரியாதையிலும் இருக்கிறது, தொழில்நுட்பத்தில் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. உலகம் முழுவதும் இந்த உரிமை உள்ளவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் இருப்பார்கள். அவர்கள் ஏற்றுவது டெபியனோடு நிற்பதும் இல்லை. உபுண்டு அங்கிருந்து எடுக்கிறது. ராஸ்பெர்ரி பை இயங்குதளம் அதன் மேல் நிற்கிறது. நம் ஊரில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததே, சி-டாக் உருவாக்கிய அந்த பாஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். டெபியன் என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு பள்ளி மாணவியின் கணினிவரை யாரோ ஒருவருடைய கையொப்பம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கனம் என்ன செய்யும் என்பதற்கு 2008-ஐ நினைவுபடுத்துகிறேன். உங்களில் சிலர் அப்போது பள்ளியில் இருந்திருப்பீர்கள். 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில், தொடக்க மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என்று சோதனைக் கருவி எச்சரித்த இரண்டு வரிகளை அதன் பராமரிப்பாளர் நீக்கினார். எச்சரிக்கை போய்விட்டது. கூடவே, ரகசியச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையும் ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. எஞ்சியது செயல்முறையின் எண் மட்டும். ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறத்தாழ 32,000 வாய்ப்புகளே இருந்ததால், ஒருவர் அத்தனையையும் முன்கூட்டியே கணித்து வைத்துக்கொள்ள முடிந்தது. லூசியானோ பெல்லோ என்ற டெபியன் உருவாக்குநர் இதைக் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று அறிவிப்பு வரும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் பலவீனமாக இருந்தன.

இதைச் செய்தவர் சோம்பேறியோ அறியாதவரோ அல்ல. நல்ல நோக்கத்தோடு செய்தார். மூல மென்பொருளை எழுதுகிறவர்களிடம் கேட்டும் இருந்தார், தடுக்கும் பதில் வரவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும்போது உங்களைச் சோதிக்கிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நிரலாக்கத்தில் புலியா என்று அவர்கள் தேடவில்லை. ஒரு பொதியில் தனக்கு முழுதாகப் புரியாத இடம் எது என்று இவருக்குத் தெரிகிறதா, அந்த இடத்தில் கையை நிறுத்துவாரா, தான் போட்ட பேட்சை மூல மென்பொருள்காரர்களிடம் முறையாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பாரா என்று தேடுகிறார்கள். "எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது" என்று தயங்குகிறீர்களே, அந்தத் தயக்கம் இந்த வேலைக்கு வேண்டிய குணம். அதை விண்ணப்பிக்காமல் இருப்பதற்குச் செலவழிக்காதீர்கள்.

நடைமுறையைச் சொல்கிறேன். நேராக முழு உரிமைக்குப் போக வேண்டியதில்லை. 2007-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் உருவானது 'டெபியன் பராமரிப்பாளர்' என்ற நிலை. அதற்கு உங்கள் ஜிபிஜி சாவியில் குறைந்தது ஒரு டெபியன் உருவாக்குநரின் கையொப்பம் வேண்டும். சமூக ஒப்பந்தத்தையும் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளையும் இயந்திரப் பயன்பாட்டு விதிகளையும் ஏற்கிறேன் என்று கையொப்பமிட்டு எழுதித் தர வேண்டும். உங்கள் வேலையைப் பார்த்த ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். சாவிக்கொத்தில் உங்கள் சாவி சேர்ந்ததும், இன்னின்ன பொதிகளை இவர் ஏற்றலாம் என்று ஒரு உருவாக்குநர் அனுமதி கொடுப்பார். அந்தப் பொதிகளுக்கு அதன்பின் நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். புதிய பொதியை மட்டும் அப்போதும் உருவாக்குநர் ஒருவர் வழியாகத்தான் அனுப்ப முடியும். உங்களில் பெரும்பாலோருக்கு இப்போதைக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

முழு உருவாக்குநர் ஆவது நீண்ட வழி. டெபியன் தொடங்கிய 1993-இல் இப்படியெல்லாம் இல்லை. ஆட்கள் பெருகி, வந்தவர்களை யார் என்று தெரிந்துகொள்ள முடியாத நிலை ஏற்பட்டதும், 1999-இல் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்தி வைத்தார்கள். முறைப்படுத்திய பிறகு 2000-இல் கதவு திறந்தது. பரிந்துரை, சாவிச் சரிபார்ப்பு, பிறகு ஒரு விண்ணப்ப மேலாளரோடு நீண்ட கடிதப் போக்குவரத்து, அவரது அறிக்கை, கணக்கு மேலாளர்களின் முடிவு என்ற அந்த வரிசை அடிப்படையில் இன்றும் தொடர்கிறது.

கேள்விகளைப் பற்றித்தான் அதிக பயம். அவை தேர்வுக் கேள்விகள் அல்ல. சமூக ஒப்பந்தத்தில் உங்களுக்கு முக்கியமாகப் படுவது எது, ஏன்? பயன்படுத்துவது நன்மைக்காக மட்டுமே இருக்க வேண்டும், தீமைக்குக் கூடாது என்று நிபந்தனை போடும் ஜேசான் உரிமத்தை டெபியன் கட்டற்றதாக ஏற்பதில்லையே, காரணம் என்ன? ஒரு மென்பொருளைத் திருத்துகிறவர் ஒவ்வொரு திருத்தத்தையும் மூல ஆசிரியருக்கு அனுப்பியே தீர வேண்டும் என்கிறது ஓர் உரிமம். தனித்தீவில் மாட்டிக்கொண்டு சூரிய ஒளியில் கணினியை ஓட்டும் ஒருவர் அதை எப்படிக் கடைப்பிடிப்பார்? வெளியீட்டைத் தடுக்கும் பிழை ஒன்று பிறர் பொதியில் இருக்கிறது, பராமரிப்பவரிடமிருந்து பதில் இல்லை. நீங்கள் என்ன செய்வீர்கள், எவ்வளவு நாள் பொறுப்பீர்கள்? உங்களுக்கு வேலை மாறிவிட்டது, குழந்தை பிறந்துவிட்டது, நேரம் இல்லை. உங்கள் பொதிகளை என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. பொதியை யாருக்கும் சொல்லாமல் போட்டுவிட்டுப் போகிறவர்களால்தான் பயனர்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள். என்னால் இனி முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டு விலகுகிறவரை டெபியன் மரியாதையோடு வழியனுப்புகிறது. எனவே "வாங்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டுமே" என்ற பயமும் வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி. டெபியனில் எழுதும் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. ஜெர்மனியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் எழுதுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியங்களில் நினைத்ததைத் தெளிவாகச் சொன்னால் போதும். அழகான ஆங்கிலத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பதிலைவிட, தட்டுத்தடுமாறி எழுதிய உங்கள் சொந்தப் பதிலைத்தான் விண்ணப்ப மேலாளர் விரும்புவார். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் பதில் எழுதாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த உரையாடலே உங்களைத் தெரிந்துகொள்வதற்காக நடக்கிறது.

இங்கே 2024-ஐப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் உருவாக்குநர், டெபியன் அன்ஸ்டேபிள் கணினிகளில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி அளவுக்குத் தாமதமாவது ஏன் என்று துருவிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் ஒளிந்திருந்த பின்கதவை உலகுக்குச் சொன்னார். ஜியா டான் என்ற பெயரில் வந்த யாரோ, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவிகள் செய்து, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அதை நுழைத்திருந்தார். வெளியீட்டுத் தொகுப்பில் இருந்த, பின்கதவை இயக்கிவிடும் தூண்டுநிரல் வெளிப்படையான கிட் களஞ்சியத்தில் இல்லை. புதிய பதிப்பை டெபியனில் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து வற்புறுத்தலும் வந்தது. டெஸ்டிங் பிரிவுவரை அது வந்துவிட்டது, நிலையான வெளியீட்டை எட்டவில்லை.

அதன்பிறகு புதியவர்களைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறியிருக்கிறது. கதவை இன்னும் இறுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. விண்ணப்பித்தால் சந்தேகிப்பார்களோ என்று உங்களில் சிலர் தயங்குவதும் இதனால்தான். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். எக்ஸ்இசட்டை அதற்கு முன் பல ஆண்டுகளாகத் தாங்கியவர் ஒற்றை ஆள். சம்பளம் இல்லை, மனநலம் சரியில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அவர் மெதுவாகச் செய்கிறார் என்று முகம் தெரியாத பெயர்கள் அவரை நெருக்கின. தனியாகவும் களைப்போடும் இருந்த ஒருவரிடம்தான் அந்த நெருக்கடி பலித்தது. ஒரு பொதிக்கு மூன்று பேர், ஒருவரையொருவர் நேரில் பார்த்தவர்கள், "இந்தப் பதிப்புக்கு என்ன அவசரம்?" என்று ஒருவரையொருவர் கேட்கக்கூடியவர்கள் இருந்தால் அதே நெருக்கடி அவ்வளவு எளிதாகப் பலித்திருக்காது. கதவை இறுக்கினால் உள்ளே இருக்கிறவர்கள் மேலும் தனியாவார்கள். கதவுக்கு வெளியே பல ஆண்டுகளாக எங்கள் கண் முன்னால் வேலை செய்கிறவர்கள் நீங்கள். உங்களை உள்ளே அழைப்பது பாதுகாப்பைக் கூட்டும் செயல் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அதனால்தான் நேரில் சந்திக்கும் விதியைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள் என்றும் சொல்கிறேன். முழு உருவாக்குநராக வழக்கமாக இரண்டு உருவாக்குநர்களின் கையொப்பமாவது உங்கள் சாவியில் வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி, 40 இலக்கக் கைரேகை எண்ணை ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிட்டு, பிறகு கையொப்பமிடுவோம். பெருநகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே கடினம். இரவுப் பயணத்துக்கு வீட்டில் ஒப்புதல் வாங்க வேண்டிய பெண்களுக்கு இன்னும் கடினம், அதை நான் அறிவேன். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற சிறு டெபியன் கூட்டம் நடந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃபே கொச்சிக்கு வந்தது. அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வரும்போது பேச்சு கேட்பதோடு நிற்காமல் சாவிக் கைரேகையை அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். கூட்டம் இல்லாத மாதங்களில் நாங்கள்தான் உங்கள் ஊருக்கு வர வேண்டும். உருவாக்குநர்களாக இருக்கும் நண்பர்களே, வேலையாக மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போனால் முன்கூட்டி அங்குள்ள குழுக்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் பத்து நிமிடம் போதும்.

சாவியைப் பற்றி ஒரு கண்டிப்பு. 2003 நவம்பரில் டெபியனின் நான்கு சேவையகங்கள் ஊடுருவப்பட்டன. தொடக்கம், ஒரு உருவாக்குநரிடமிருந்து களவாடிய கடவுச்சொல். 1024 பிட் பழைய சாவிகளை வைத்திருந்தவர்கள் நீண்டகால உறுப்பினர்களாகவே இருந்தாலும், 2014 முடிவுக்குள் மாற்றாததால் அவர்களுடைய சாவிகள் கொத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே 4096 பிட் சாவியாவது வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சாவியை அன்றாடக் கணினியிலிருந்து பிரித்து வைத்து, துணைச் சாவிகளால் வேலை செய்யுங்கள். ரத்துச் சான்றிதழை இன்றே உருவாக்கி அச்சிட்டு வேறு இடத்தில் வையுங்கள். அலுவலகம் கொடுத்த மடிக்கணினியில் சாவியை வைக்கவே வேண்டாம். வேலையை விடும் நாளில் அது உங்களுடையதாக இருக்காது.

பரிந்துரை கேட்பதற்குக் கூச்சப்படுகிறீர்கள். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்பது போன்றதுதான் இது: கேட்பதில் அவமானம் இல்லை, போடுகிறவர் யோசித்துத்தான் போடுவார், பின்னால் பிசகினால் அவரையும் கேட்பார்கள். அதனால் "நீங்கள் ரொம்ப நல்லவர், பரிந்துரையுங்கள்" என்று எழுதாதீர்கள். எந்தப் பொதிகள், எத்தனை காலம், எந்தப் பிழையைத் தீர்க்கும்போது என்ன முடிவெடுத்தீர்கள், எந்தப் பதிப்பை ஏற்ற வேண்டாம் என்று நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். நிறுத்தியதைக் கட்டாயம் எழுதுங்கள். ஏற்றியது களஞ்சியத்தில் தெரியும், நிறுத்தியது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

பொதி கட்டாமல் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, நிகழ்ச்சி நடத்துதல் என்று உழைக்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். பதிவேற்ற உரிமை இல்லாமலேயே டெபியன் உறுப்பினராகி வாக்களிக்கும் வழி 2010-இல் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டது. நிறுவியைத் தமிழில் ஓட்ட முடிவதற்கு உழைத்தவர்களின் வேலை பொதி கட்டுகிறவர்களின் வேலைக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. உங்களுக்குத் தனியாக எழுத வேண்டும்.

மற்றவர்களுக்கு: உங்கள் பொதியில் கடைசியாகக் கையொப்பமிட்டவருக்கு இந்த வாரமே எழுதுங்கள். அது நானாக இருந்தால் பழைய கடிதங்களையும் மாற்றங்களையும் மறுபடி படித்துவிட்டுப் பதில் சொல்வேன். தயார் என்று தோன்றினால் பரிந்துரையை அன்றே எழுதி அனுப்புவேன். இன்னும் இல்லை என்று தோன்றினால், எந்தப் பொதியில் எதைப் பார்த்து அப்படி நினைக்கிறேன் என்று குறிப்பிட்டு எழுதுவேன். அதைச் சரிசெய்ததும் மறுபடி கேளுங்கள். சாவியில் கையொப்பம் இல்லாதவர்கள் ஊர்ப் பெயரையும், எந்தக் கிழமை வசதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பொதிகளுக்குக் கையொப்பமிடும்
டெபியன் உருவாக்குநர் ஒருத்தி